தோண்டிப் பார்க்காதே தம்பி

(செல்வம் ஸ்பூனை விட்டுத் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக் கோமதி சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.)

கோமதி: என்ன தம்பி, புதையலா?

செல்வம்: மிளகாய் விதைக்கா. போட்டு மூணு நாளாச்சு, ஒரு அசைவும் இல்ல. உயிரோட இருக்கான்னு பார்க்கறேன்.

கோமதி: இருந்திருக்கும், நீ ஸ்பூனை விடற வரைக்கும். முதல் வேர் பட்டாலே அறுந்துடும். மிளகாய் முளைக்க 7 நாள்லேர்ந்து 14 நாள் ஆகும். குளிர் இருந்தா இன்னும் இழுக்கும்.

செல்வம்: அவ்வளவு பொறுமை நமக்கு இல்லக்கா.

கோமதி: அப்ப முள்ளங்கி போடு. நாலஞ்சு நாள்ல தலைகாட்டும். மிளகாயை எவ்வளவு ஆழத்துல போட்ட?

செல்வம்: காத்துல பறந்திடக் கூடாதுன்னு முழு விரல் ஆழம்.

கோமதி: விதையோட பருமனுக்கு ரெண்டு மூணு மடங்கு போதும். மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். அந்தச் சின்ன விதைல இருக்கற சத்து, பாதி வழியிலேயே தீர்ந்துடும். பூசணின்னா 2 சென்டிமீட்டர் தாண்டி மேல வரும், தெம்பு ஜாஸ்தி.

செல்வம்: கொத்தமல்லியும் போட்டிருக்கேன்.

கோமதி: முழுசாவா? ஒவ்வொரு மணிக்குள்ளயும் ரெண்டு விதை இருக்கு. லேசா அழுத்தி உருட்டினா ரெண்டா பிரியும். ரொம்ப அழுத்தினா மல்லித்தூள்தான். அது சரி, தொட்டி ஏன் இந்தக் கனம் கனக்குது? அடில ஓட்டை இருக்கா?

செல்வம்: இருந்துச்சு. தண்ணி வீணாப் போகுதேன்னு டேப் போட்டு அடைச்சிட்டேன்.

(கோமதி சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.)

செல்வம்: என்னக்கா, தலை சுத்துதா?

கோமதி: வேருக்குக் காத்து வேணும் தம்பி. மண் இடுக்கு முழுக்கத் தண்ணி நின்னா வேர் மூச்சு முட்டி அழுகிடும். அழுகின வேரால தண்ணி உறிஞ்ச முடியாது, செடி வாடும். வாடுதேன்னு நீ இன்னும் ரெண்டு குவளை ஊத்துவ.

செல்வம்: நாலு.

கோமதி: சின்ன நாத்துன்னா அடித்தண்டு கறுத்து, ஒரே ராத்திரில சாஞ்சுடும். ஆரம்பத்துல செடி சாகறது பெரும்பாலும் கவனிக்காம இல்ல, ஊத்தி ஊத்தித்தான். பெரிய தொட்டில விரலை ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பாரு. ஈரம் தட்டினா கையைக் கட்டிக்கிட்டு இரு. காஞ்சிருந்தா ஓட்டை வழியா வெளிய வர்ற வரைக்கும் ஊத்து. நாத்துன்னா மேல்மண் காய ஆரம்பிச்சதும் தெளிச்சா போதும்.

செல்வம்: போன்ல அலாரம் வச்சிருக்கேனே. காலை, மதியம், ராத்திரி.

கோமதி: அது மாத்திரைக்கு. மண் என்ன கலவை?

செல்வம்: கலவை எல்லாம் இல்ல. தரையிலேர்ந்து அள்ளிப் போட்டு, செடி ஆடக் கூடாதுன்னு ஏறி மிதிச்சேன்.

கோமதி: தொட்டில வெறும் மண் ரெண்டு மாசத்துல கல்லாயிடும். மிதிச்சா இன்னிக்கே ஆயிடும். மண் ஒரு பங்கு, கோகோபீட், அதான் தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. கோகோபீட்டை ஊற வச்சு ரெண்டு மூணு தடவை அலசு, உப்பு போகட்டும்.

செல்வம்: உரம் ஏற்கெனவே போட்டாச்சுக்கா. காய்கறித் தோல் மொத்தத்தையும் அடில புதைச்சிட்டேன்.

கோமதி: அது உரம் இல்ல, குப்பை. தொட்டிக்குள்ளயே அழுகறப்போ, வேருக்குப் போக வேண்டிய காத்தைக் கிருமிங்க இழுத்துக்கும். கொசு மாதிரி குட்டி ஈயும் மொய்க்கும். தனியா மக்க வச்சு, தோல் எது தண்டு எதுன்னு அடையாளம் தெரியாம, மண்வாசனை வந்தப்புறம் போடு.

செல்வம்: எல்லாத்தையும் விடுங்க. ஜன்னலோரத் தக்காளியைப் பாருங்க, ஒரே வாரத்துல என்ன உயரம்!

கோமதி: உயரம் இல்ல, பரிதவிப்பு. வெளிச்சம் பத்தலைன்னு தேடி ஓடுது. அதான் தண்டு மெலிஞ்சு வெளுத்துக் கிடக்கு. முளை தெரிஞ்ச அன்னிக்கே வெளிச்சத்துல வைக்கணும். காய்க்கணும்னா தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேணும்.

செல்வம்: இப்பவே வெளிய தூக்கி வச்சிடறேன்.

கோமதி: அவசரப்படாதே, இலை வெந்துடும்! முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஒரு வாரத்துல முழு வெயில். மாத்தி நடறப்போ கீழ் இலையைக் கிள்ளிட்டுத் தண்டையும் சேர்த்துப் புதை. புதைஞ்ச தண்டுல தக்காளி வேர் விடும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரே ஒரு செடி.

செல்வம்: 15 இருக்கேக்கா.

கோமதி: திடமானது ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தைக் கத்தரிக்கோலால வெட்டு. பிடுங்கினா பக்கத்து வேரும் கூட வந்துடும்.

செல்வம்: வெட்டறதா! எல்லாத்துக்கும் பேர் வச்சிட்டேனே!

கோமதி: 15க்குமா?

செல்வம்: ஆமா. நல்லா நிக்கறது வீட்டு ஓனர். அவரையே விட்டுடறேன். உங்க பேர்லயும் ஒண்ணு இருக்கு... அதோ, ஓரமா படுத்துக் கிடக்கே.

கோமதி: ...அதுக்குப் பக்கத்துல ஒரு குச்சி நட்டுக் கட்டு.

செல்வம்: தொட்டிக்கு ஒண்ணுதான்னீங்க?

கோமதி: இன்னொரு தொட்டி எடு!