அந்த நான்காவது வரி எங்கே?

சீனக் கவிஞர் வாங் வெய்யின் ‘மான் தோட்டம்’ கவிதையை மூன்று வரியில் தமிழாக்கி, ஹைக்கூ என்று போட்டீர்கள். மூன்று நாளாக அதைப் பற்றித்தான் பஞ்சாயத்து. வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

வாங் வெய் எழுதியது ஹைக்கூ அல்ல. அது ஜுவேஜு என்ற சீனப் பா வடிவம். நான்கு வரி, வரிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் 20 எழுத்து. வரிக்கு ஏழு வைத்தால் 28. அவர் 8ஆம் நூற்றாண்டுக்காரர். ஹைக்கூ என்றதும் நாம் சொல்லும் ஜப்பானியக் கவிஞர் பாஷோ 17ஆம் நூற்றாண்டு.

ஹைக்கூ என்ற பெயரைக்கூட விட்டுவிடுகிறேன். மூன்று வரியாக்க நான்காவதை வெட்டியிருக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. மலையில் ஆளே இல்லை. பேச்சுக்குரல் மட்டும் கேட்கிறது. சாயும் வெயில் அடர்காட்டுக்குள் நுழைகிறது. அப்புறம்? மறுபடி பச்சைப் பாசிமேல் படுகிறது. அதுதானே கவிதை! இரண்டு வரி காதுக்கு. மூன்றாவதில் சட்டென்று கண்ணுக்குத் திரும்புகிறது. திரும்பிய கண்ணுக்குப் பார்க்க எதையும் நீங்கள் மிச்சம் வைக்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் சாப்பாட்டுக் கடை ரசீதின் பின்பக்கம் இந்த 20 எழுத்தையும் பேனாவால் எழுதிக் காட்டினார். பள்ளியில் மனப்பாடம் செய்ததாம். இரண்டாம் வரி முடிவில் “ஷியாங்”, நான்காம் வரி முடிவில் “ஷாங்”. இரண்டு இடத்திலும் மேசையை விரலால் ஒரு தட்டு. நம் இயைபு மாதிரி. நான்காவது வரி போனால் இரண்டாவது வரி துணையில்லாமல் நிற்கும். வெண்பாவின் ஈற்றடியை இப்படி யாராவது வெட்டினால் சும்மா இருப்போமா?

“மொழிபெயர்ப்பாளருக்குச் சுதந்திரம் இல்லையா?” இருக்கிறது. சொல்லை மாற்றுங்கள், வரிசையை மாற்றுங்கள். பாசியை எடுத்துவிட்டு வாங் வெய் பெயரைப் போடாதீர்கள். “வாசகருக்கு ஹைக்கூ என்றால்தான் புரியும்” என்கிறார் ஒருவர். வாசகரை இவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டாம்.

“உனக்குச் சீனம் தெரியுமா?” தெரியாது. நாலைந்து எழுத்துக்கு மேல் தெரியாது. அதைத்தான் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். பத்து வருடம் அண்ணன் என்று கூப்பிட்ட ஆளை ‘பண்டிதர் வந்துட்டார்’ என்றீர்கள். சரி, இருக்கட்டும்.

வாங்சுவான் பள்ளத்தாக்கில் இடத்துக்கு ஒன்றாக வாங் வெய் 20 கவிதை எழுதினார்; இது அதில் ஒன்று. நண்பர் பெய் தி உடனிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கவிதை எழுதினார். நண்பன் எழுதியதை அவர் வெட்டவில்லை, பக்கத்தில் தன்னுடையதை வைத்தார்.

அந்த ஒரு வரியைத் திரும்பச் சேருங்கள். மனமில்லை என்றால் வாங் வெய் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.