அவன் திருடினால் அவன், இவன் திருடினால் இவனுங்க

காரைக்குடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "நீங்க என்ன ஆளுக?" நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைப்பார்கள். வட மாநிலப் பையன்கள் வந்தால் அதுவும் கிடையாது. "அவங்களுக்கெல்லாம் விடுறதில்ல." அவ்வளவுதான்.

ஏன் என்றால் ஒரு கதை சொல்வார்கள். எங்கேயோ ஒரு வடக்கத்திப் பையன் செல்போனைத் திருடிவிட்டானாம். நம் தெருப் பையன் திருடினால் "சேர்க்கை சரியில்லை" என்கிறோம். வடக்கத்திப் பையன் திருடினால் "இவனுங்களே இப்படித்தான்". மாடியில் பூச்சு வேலை பார்த்து, கூலியை ஊருக்கு அனுப்பிவிட்டுப் படுக்கிறவனைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

வேறு ஊர்க்காரர்கள் பேசினால்கூட விட்டுவிடலாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போய், ஏச்சு வாங்கிய அனுபவம் உள்ள ஊர் இது. 1930-களில் நெல் விலை விழுந்தது, பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்த நம்மூர்ச் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த சாகுபடி நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம், 1938-இல் சுமார் 25 சதவீதம். நிலம் போனவனின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். ஆனால் உலகச் சந்தையைப் போய் யார் திட்டுவது? கண்ணுக்குத் தெரிந்தது பெட்டியடியில் உட்கார்ந்திருந்த ஆள். கோபம் ஆள் பார்ப்பதும் இல்லை. நிலம் இப்படிக் கைமாறுவதற்கு முன்பே, 1930 மே மாதம் துறைமுக வேலைத் தகராறில் மூண்ட ரங்கூன் கலவரத்தில் அதிகம் அடிபட்டுச் செத்தவர்கள் வட்டிக்கு விட்டவர்கள் அல்ல, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள்.

இதற்குப் பழைய பகைகூடத் தேவையில்லை. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிப் பையன்களிடம், உனக்கு இந்த ஓவியர் பிடிக்கிறது, அவனுக்கு அந்த ஓவியர் என்று சொல்லி இரண்டு அணியாக்கினார். உண்மையில் குலுக்கல் முறையில் பிரித்ததுதான். காசைப் பங்கிடச் சொன்னால், தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணியைவிடக் கூட வேண்டும் என்று பல பையன்கள் பங்கிட்டார்கள். தான் பங்கிடும் காசில் தனக்கென்று ஒன்றும் வராது என்று தெரிந்தே.

வீட்டுக்காரருக்குப் பயம் இருக்கலாம், சரி. ஆதார் நகல் வாங்குங்கள், வேலை பார்க்கும் இடத்தில் விசாரியுங்கள், அட்வான்ஸை முன்கூட்டியே வாங்குங்கள். அதை நம்மூர்ப் பையனிடமும் கேளுங்கள். போன தடவை மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு காலி செய்தவன் உள்ளூர்க்காரன்தானே?