வாசலில் பைக்கை நிறுத்தச் சொன்னதற்கா ஒற்றை ஸ்டார்?

நமீபியாவில் பைக் சஃபாரி போன யூடியூப் தம்பியின் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கீழே உள்ள கமெண்ட்களையும் சேர்த்துத்தான்.

தம்பி லட்சக்கணக்கில் கட்டி ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்கு பைக் சஃபாரி போனார். சந்தோஷம். எதோஷா தேசியப் பூங்காவின் ஆண்டர்சன் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தச் சொல்லி, ஜீப்பில் ஏற்றி உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். "பைக் சஃபாரின்னு காசு வாங்கிட்டு ஜீப்ல ஏத்தி ஏமாத்திட்டாங்க." கைடுக்கு ஒற்றை ஸ்டார். கமெண்டில் ஒரே ஆரவாரம்.

எதோஷாவுக்குள் மோட்டார் சைக்கிள் போகக் கூடாது. அந்த கைடு கண்டுபிடித்த விதி இல்லை, பூங்காவின் விதி. தென்னாப்பிரிக்காவின் க்ரூகரிலும் இதேதான். போட்ஸ்வானாவின் சோபே, மொரேமி பக்கம் போனாலும் இதேதான். காரில் போகிறவர்களே இதற்கென்று குறித்த ஓய்விடங்களைத் தவிர வேறு எங்கும் கீழே கால் வைக்க அனுமதி இல்லை. காரணமும் பெரிய ரகசியம் இல்லை. சிங்கத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஜீப்பில் கதவு இருக்கிறது, பைக்கில் உங்கள் ஜீன்ஸ் பேன்ட் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லி வாசலில் நிறுத்தியவர் தன் வேலையைச் செய்தார். அதற்குத்தான் ஒற்றை ஸ்டார்.

"அப்படியென்றால் பைக் சஃபாரி என்று ஏன் விற்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். விளம்பரப் படத்தில் பைக்கையும் சிங்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவர்களைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் பைக்கில் பார்க்க வேண்டிய காடு பூங்காவின் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது. நமீபியாவின் வடமேற்கில் இருக்கும் டமராலேண்டில், ஹுவாப், ஹோவானிப் என்ற வறண்ட ஆற்றுப்படுகைகளில், பாலைவன யானைகள் வேலியே இல்லாமல் திரிகின்றன. கருப்புக் காண்டாமிருகம்கூட வேலிக்கு வெளியே வாழும் அபூர்வமான இடம் அது. 1996-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிலங்களில் வனவிலங்கால் வரும் வருமானத்தில் ஊர்க்காரர்களுக்கே உரிமை கிடைத்தது. ஊர்க்காரர்களே நிர்வகிக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட வனவிலங்குக் காப்பகங்கள் நாடு முழுக்க இன்று அப்படி நடக்கின்றன. தம்பியின் வீடியோவில் இவ்வளவும் சேர்த்து நாற்பது நொடி, அதிலும் பாதி அவர் முகம்.

"கூகுள் மேப் இருக்கே, கைடு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டு, அதற்கு முந்நூறு லைக். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் பெரும்பாலான சாலைகள் ஜல்லிச் சாலைகள். காலையில் கிளம்பும் முன் கைடு முதலில் டயரில் கை வைப்பார். தார்ச்சாலைக்கு முன்சக்கரத்தில் 36, பின்சக்கரத்தில் 42 பிஎஸ்ஐ என்று இருக்கும் காற்றை ஜல்லிக்கு 28, 30 அளவுக்கு இறக்குவார். ஆற்றுமணல் வந்தால், டயர் புதையாமலிருக்க, 18, 20 வரை போகும். மணல் முடிந்ததும் அப்படியே ஓட்டிவிட முடியாது. கூர்க்கல்லில் ஏறினால் ரிம் நசுங்கும், டியூப் உள்ள சக்கரமென்றால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபட்டு இரண்டு ஓட்டை விழும். அதனால் மறுபடி நிறுத்தி, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரில் காற்றடிக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவைகூட இது நடக்கும். "சும்மா சும்மா நிறுத்துறாங்க ப்ரோ" என்று தம்பி சலித்துக்கொண்டது இதைத்தான்.

அடுத்தது, அவர் மணலில் விழுந்த காட்சி. ஸ்லோ மோஷனில் போட்டிருக்கிறார், பாட்டு வேறு. நன்றாகப் பாருங்கள். கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, எடையைப் பின்னால் தள்ளி, தூரத்தில் பார்வை வைத்து, ஆக்சிலரேட்டரை விடாமல் போக வேண்டிய இடம். அவர் பயத்தில் ஆக்சிலரேட்டரை மூடுகிறார். மூடியதும் எடை முன்னால் வந்து, முன்சக்கரம் புதைந்து, ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. காலை ஊன்றப் பார்க்கிறார். பைக்கில் பக்கப் பெட்டி இருந்திருந்தால், 250 கிலோ வண்டி அலுமினியப் பெட்டியோடு அந்தக் கணுக்கால் மேல் இறங்கியிருக்கும். மணலில் கால் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்டி ஏன் இல்லை? முதல் நாளே கைடு கழற்றச் சொல்லி, சாமான்களைப் பின்னால் வரும் சப்போர்ட் வண்டியில் ஏற்றிவிட்டார். "லுக்கே போச்சு" என்று அதற்கும் ஒரு புலம்பல் இரண்டாம் எபிசோடில் இருக்கிறது. கால் முழுசாக ஊர் திரும்பியதற்கு ஸ்டார் எதுவும் இல்லை போலிருக்கிறது.

தூசி இருக்கிறது பாருங்கள், அதைக் கணக்கில் எடுக்காமல் யாரும் ஜல்லிச் சாலையில் கூட்டமாகப் போக முடியாது. முன் வண்டி கிளப்பும் தூசிக்குள் நுழைந்தால் எதிரில் லாரி வருவது தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் நடுவே 200, 300 மீட்டர் விட வேண்டும், காற்றில்லாத நாளில் இன்னும் அதிகம். அவ்வளவு இடைவெளி விட்டால் திருப்பத்தில் ஆள் தொலைவார். எனவே திருப்பம் வரும்போதெல்லாம் கைடு தனக்கு அடுத்து வருபவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவார். கடைசி ஆள் வரும்வரை அவர் நகரக் கூடாது. போட்டோ எடுக்கத் தோன்றினாலும் கூடாது, வெயில் அடித்தாலும் கூடாது. தம்பி நகர்ந்தார். பின்னால் வந்த இருவர் நேராகப் போய்விட்டார்கள். சப்போர்ட் வண்டி அவர்களைத் தேடி அலைந்ததைத்தான் "பிளானிங்கே இல்லை" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டிருக்கிறார்!

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் பைக்கில், சாதா மாடலின் டேங்க் 18.8 லிட்டர். மணலிலும் காற்றெதிரிலும் அது குடிக்கும் அளவே வேறு. மேப்பில் பங்க் இருக்கும். பங்க்கில் பெட்ரோல் இருக்காது. ஜெர்ரி கேனோடு பின்னால் வருகிறதே ஒரு லேண்ட் க்ரூசர், அது உங்கள் பெட்டியைச் சுமக்க மட்டும் வரவில்லை.

மாலையில் சீக்கிரம் தங்க வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு குறை. இருட்டினால் குடு மான் சாலைக்கு வரும். 200 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆண் குடு, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்காது, குறுக்கே தாவும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

சத்தம் போடாமல் செய்யும் வேலைக்கு ஒரு சாம்பிள். டமராலேண்டில் ஒரு கைடு, அந்த மண்ணின் ஆள், ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றுப்படுகையைக் கடக்கும் முன் கை தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். இறங்கிப்போய் யானைச் சாணத்தைப் பூட்ஸ் முனையால் உடைத்தார். உள்ளே ஈரம். குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார், சூடு இருந்தது. ஒன்றும் விளக்கவில்லை. எல்லா பைக்கையும் வந்த வழியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னார். மணலில் அந்தக் கனத்தைத் திருப்ப இரண்டு மூன்று தடவை முன்பின் தள்ள வேண்டும், யானை வந்தபிறகு அதற்கு நேரம் கிடைக்காது. முக்கால் மணி நேரம் அப்படியே. ஒருவர் வாட்ச்சைப் பார்த்தார், இன்னொருவர் முணுமுணுத்தார். பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து ஏழு யானைகள், நடுவில் குட்டி. கடந்து போயின. அவர் மெதுவாக ஹெல்மெட்டை மாட்டினார். கையுறையை மாட்டினார். அவ்வளவுதான். இதை வீடியோ எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை.

நடக்காமல் போன விபத்துக்கு வியூஸ் கிடையாது, தம்பி.

"விலை ரொம்ப அதிகம்" என்கிறீர்கள். அதிகம்தான். 8 லட்சத்து 25 ஆயிரம் சதுர கிலோமீட்டர் நாட்டில் 30 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்காது. உதவியைக் கூடவே கொண்டுபோக வேண்டும், காசு அதற்குத்தான்.

"நீங்க அந்தத் தொழில்ல இருக்கறவங்க, அப்படித்தான் பேசுவீங்க." ஆமாம், இருக்கிறேன். மணலில் டயர் எப்படிப் பேசும் என்று தெரிந்தவன் பேசாமல், ஏசி அறையில் ஸ்டார் போடுகிறவர்கள் மட்டும்தான் பேச வேண்டுமா?

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. அந்த கைடின் ஆங்கிலத்தை நடித்துக் காட்டிச் சிரிக்கிறீர்களே, அது. அவருக்கு எத்தனை மொழி தெரியும் என்று யாராவது கேட்டீர்களா? வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, ஜெர்மன் பயணிகளிடம் ஒன்று, உங்களிடம் ஆங்கிலம். அதே கேட்டில் ஒரு வெள்ளைக்காரர் "நோ பைக்ஸ் சார்" என்று சொல்லியிருந்தால் "என்னா டிசிப்ளின் பாருங்க" என்று அதே வீடியோவுக்குத் தலைப்பு வைத்திருப்பீர்கள். கருப்பு ஆள் சொன்னதால் "அந்த ஆளு ஓவரா பண்றான்". நிறத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நாம்தான் இது. கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. இருக்கட்டும்.

கடைசி எபிசோடில் சரளைச் சமவெளியில் வட்டமடித்து டிரோன் ஷாட் எடுத்திருக்கிறார். கைடு கத்துவது கேட்கிறது. அந்த நிலத்தில் மழை அபூர்வம், டயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். அதையும் "டென்ஷன் பார்ட்டி" என்று காமெடியாக்கியாயிற்று.

போக ஆசைப்படுகிறவர்கள் பணம் கட்டும் முன் கம்பெனியிடம் இவற்றைக் கேளுங்கள். சப்போர்ட் வண்டியில் சாட்டிலைட் போன் உண்டா, முதலுதவி படித்தவர் யார்? மாற்று பைக் கூட வருகிறதா? எந்தப் பூங்காவுக்குள் ஜீப்பில் போகிறோம், அந்தக் கட்டணம் யாருடையது? உங்கள் டிராவல் இன்சூரன்ஸ் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்கை ஏற்குமா என்று பாலிசியைத் திறந்து நீங்களே பாருங்கள், பல பாலிசிகள் ஏற்காது. அடிபட்டு, மீட்பு ஹெலிகாப்டரின் பில் வந்தபிறகு பார்த்துப் பயனில்லை. முடிந்தால் இதையும் கேளுங்கள்: கைடுக்கு மாதச் சம்பளமா, அல்லது உங்கள் ரேட்டிங்கைப் பார்த்துத்தான் அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா?