காரைக்குடிப் பகுதிப் பழைய வீட்டுச் சுவரில் சிமெண்ட் வேண்டாம்

"சுவரில் ஓதம் (ஈரம்) ஏறினால் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு வாட்டர்புரூஃப் சிமெண்ட் பூசுங்க, தீர்ந்துடும்" என்று பலர் சொல்வது தவறு. ஓதம் போகாது, இடம்தான் மாறும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியேற்றுகிறது. சிமெண்ட் அதை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லையே பொடியாக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும்.

முதலில் காரணத்தைப் பாருங்கள்: ஒழுகும் மழைநீர்க் குழாய், சுவரோரம் மேடாகிப்போன மண். வெளித்தரை உள்தரைக்கு 15 செ.மீ. கீழேயாவது இருக்கட்டும். பிறகு பூச்சுக் கலவை: இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. சுவரை நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் பூசி, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். அவசரக் கொத்தனார் இதற்கு ஆக மாட்டார். மேலே வெள்ளையடிப்புதான், பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடி அடைப்பு.

பின்கட்டில் புது அறை சேர்ப்பவர்கள் கான்கிரீட்டைப் பழைய சுவரோடு பிணைக்காதீர்கள். தனி அஸ்திவாரம், நடுவில் 25 மி.மீ. இடைவெளி. இரண்டும் ஒரே அளவில் இறங்காது, விரிசல் விழும்.