போன் என்னுடையது, சாவி மட்டும் அவர்களிடம்

நாலு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். இனி அப்டேட் கிடையாது என்று கம்பெனி கைகழுவிவிட்டது. சரி, லினியேஜ் ஓஎஸ் என்ற இலவச மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று, போனைக் கிளப்பிவிடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கப் போனேன்.

அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். பிராகாரம் சுற்றுகிற பக்தியோடு தட்டினேன். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்றது. படிக்காமலே பட்டம்! பிறகு கணக்கை இணை, சிம்மைப் போடு, விண்ணப்பம் செய். கடைசியில் பதில் வந்தது: 168 மணி நேரம் காத்திருக்கவும். ஏழு நாள் என்று சொல்ல வாய் வரவில்லையா? பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்கூட இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கிய மிக்சியில் மாவு அரைக்க யாராவது ஒரு வாரம் அனுமதி கேட்டு நிற்கிறார்களா?

எட்டாம் நாள் திறந்தது. திறந்த கையோடு போனில் இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், இந்தப் போனை நம்ப முடியாது என்று ஓர் எச்சரிக்கை. என் போனைப் பற்றி என்னிடமே கோள்!

அமெரிக்காவில் 2010இலேயே போன் பூட்டை உடைக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டாலும் வங்கிச் செயலி விடுகிறதா? 'பாதுகாப்பற்ற சாதனம்' என்று முகத்திலேயே கதவைச் சாத்துகிறது. அதே செயலி, மூன்று வருடமாக அப்டேட்டையே பார்க்காத மாமனாரின் போனில் ஜம்மென்று ஓடுகிறது.

வாசலில் பால்காரர் நிற்கிறார். நான் அலமாரியில் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறேன்.