கேள்வி பிள்ளைக்கு, பதில் நமக்கா?

"பையன் நாலு பேர் முன்னாடி வாயே திறக்க மாட்டேங்கிறான். தன்னம்பிக்கை வளர்க்கிற மாதிரி நல்ல கிளாஸ் இருந்தா சொல்லுங்க." கோடை விடுமுறை நெருங்கினால் நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். கிளாஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் அவனைப் பேச விடுகிறோமா?

குழந்தைகள் டாக்டரிடம் போனால் பார்க்கலாம். எட்டு ஒன்பது வயசுப் பையனைப் பார்த்து டாக்டர் கேட்பார், "என்னப்பா பண்ணுது?" பையன் வாயெடுப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுவார், "நேத்துலேர்ந்து வயித்த வலிங்கிறான் டாக்டர்." "எந்த இடத்துல வலிக்குது?" அதற்கு அப்பா கையை நீட்டிக் காட்டுவார். வலிக்கிற வயிறு அவனுடையது. அவனோ ஸ்டெதாஸ்கோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதே பையனை அன்று சாயங்காலம் விருந்தாளி முன்னால் நிறுத்தி, "அங்கிளுக்கு அந்த ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்போம். சொல்லவில்லை என்றால், "கூச்ச சுபாவம்" என்று அவன் காதுபடவே பட்டம் கொடுப்போம்.

இப்போதைய அப்பா அம்மாக்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து பாராட்டு. எதைச் செய்தாலும் சூப்பர், செம, நீதான் ஜீனியஸ். நம் அப்பாக்கள் பாராட்டவே இல்லை என்ற ஏக்கத்தில் வருவது இது, புரிகிறது. ஆனால் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்து சுலபமானதையே கேட்டார்கள். கஷ்டமான புதிரில் தோற்றதும் சோர்ந்தார்கள். எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டபோது பத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பேர் மார்க்கைக் கூட்டிச் சொன்னார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

2014-இல் நெதர்லாந்தில் புரூமெல்மேன் குழு செய்த ஆய்வு இன்னும் சங்கடமானது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகளைத்தான் பெரியவர்கள் அதிகமாக ஏற்றிப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியே அவர்களைக் கஷ்டமான வேலையிலிருந்து விலக வைக்கிறது.

அப்புறம் எதுதான் உதவும்? உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இலேயே எழுதிவிட்டார். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் வருவதற்கு நாலு வழிகள் உண்டு. அதில் வலுவானது, தானே செய்து முடித்த அனுபவம். வாயால் சொல்லும் ஊக்கம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகிறது.

அதனால்தான் காய்கறிக் கடைக்கு அனுப்புங்கள் என்கிறேன். கையில் ஐம்பது ரூபாய், அரைக் கிலோ தக்காளி, ஒரு கட்டு கொத்தமல்லி. முதல் தடவை என் மகள் கொண்டுவந்ததில் பாதி கொழகொழ. குழம்பில் போட்டால் போச்சு. "யார் உன்னை இதை எடுக்கச் சொன்னது" என்று கேட்காமல், அழுத்திப் பார்த்து எடுப்பது எப்படி என்று மட்டும் காட்டினேன். கொஞ்ச நாளில் கறிவேப்பிலைக் கொசுறு கேட்டு வாங்க ஆரம்பித்தாள். எனக்கே இன்றுவரை வராத கலை அது.

ரோட்டைக் கடக்க வேண்டுமே என்பவர்கள் சொல்வது நியாயம்தான். நம் ஊர் டிராஃபிக்கை நம்பிச் சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. நீங்கள் கடை ஓரமாக நில்லுங்கள், பேரம் அவர்கள் பேசட்டும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கட்டும். ஹோட்டலில் சர்வரிடம் அவர்களே சொல்லட்டும். இழுத்து இழுத்துச் சொல்வார்கள், எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும். பொறுங்கள்.

மார்க்கை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் தமிழக அரசே பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு மட்டும் அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை.

கடைசியாக, பிள்ளை பெறாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மளிகைக் கடையில் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வாண்டு நிற்கும். அதன் தலைக்கு மேலே கையை நீட்டி நாம் முதலில் வாங்கிவிடுவோம், கடைக்காரரும் கொடுத்துவிடுவார். அடுத்த தடவை, "தம்பி முன்னாடியே நிக்கிறான்ணே, அவனுக்குக் குடுத்துட்டு எனக்குக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.