மூன்று கோச், மூன்று நாடு, அதே எட்டாவது இடம்

இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் நம்ம ஊர் கால்பந்து கிளப் சென்னையின் எஃப்.சி. தொடர்ந்து ரெண்டு ஆட்டம் தோற்றால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "கோச்சை மாத்தணும்" என்று ஆரம்பித்துவிடுவார். பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, மன்னார்குடி என்று டெல்டாவில் கால்பந்தே கதி என்று இருக்கிறவர்கள் கூடிய குழு அது. ராத்திரிக்குள் அடுத்து யாரைக் கொண்டுவரலாம் என்று பெயர் பெயராக வந்து விழும். அந்தப் பெயர்களைப் பாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி: எந்த நாட்டுக்கு ஆடினார், எந்தக் கோப்பை வாங்கினார், ஐரோப்பாவில் எந்த கிளப்பில் இருந்தார். நம்ம டீமில் இப்போது யார் இருக்கிறார்கள், அந்தப் பசங்களை வைத்து அவர் என்ன செய்வார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ரசிகர்கள் கேட்காவிட்டால் பரவாயில்லை, தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருப்பவர்களும் கேட்கவில்லையோ என்பதுதான் என் ஆதங்கம். கோச்சை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. தேர்ந்தெடுக்கிற முறைதான் தப்பு என்கிறேன்.

2020-21 சீசனிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாபா லாஸ்லோ வந்தார், ஹங்கேரிக்காரர், உகாண்டா, லிதுவேனியா தேசிய அணிகளுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர். கொரோனா காலம், எல்லா ஆட்டமும் கோவாவில், மைதானத்தில் ஆளே இல்லை. 20 ஆட்டத்தில் 11 டிரா, 3 வெற்றி, 6 தோல்வி. எட்டாவது இடம். அந்தக் கணக்கை ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும், இந்த டீம் சுலபத்தில் தோற்கவில்லை, கோல் அடிக்கத்தான் ஆள் இல்லை. முந்தைய சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த கிரிவெல்லாரோ நடுவில் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு டிராவில் நாலை வெற்றியாக்க ஒரு நல்ல ஃபார்வர்டு போதும். ஆனால் மாற்றியது கோச்சை.

அடுத்து வந்தவர் மான்டினீக்ரோவின் போஷிதார் பாண்டோவிச். தாய்லாந்தில் புரிராம் யுனைடெட் அணியோடு லீக் பட்டம் வாங்கியவர், கையில் நல்ல பயோடேட்டா. என்ன ஆனது? கோவாவிடம் 5-0 என்று தோற்ற பிறகு சீசன் முடிவதற்கு முன்பே 2022 பிப்ரவரியில் அனுப்பிவிட்டார்கள், மிச்ச ஆட்டங்களுக்கு சபீர் பாஷா பொறுப்பில் நின்றார். முந்தைய சீசனில் 6 தோல்வி, இந்த சீசனில் 10. கடைசியில் அதே 20 புள்ளி, அதே எட்டாவது இடம். அதற்கடுத்து தாமஸ் பிரதாரிச், ஜெர்மனிக்கு ஆடிய ஃபார்வர்டு, அல்பேனியாவில் வ்ளாஸ்னியா அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 27 புள்ளி, ஆட்டமும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருந்தது, ஆனால் மறுபடியும் எட்டாவது இடம், அவரும் போய்விட்டார்.

மூன்று சீசன், மூன்று நாட்டு ஆட்கள், மூன்று விதமான ஆட்டம், பட்டியலில் அதே இடம். மூவரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஒவ்வொருவரும் வந்து தனக்குத் தோதான வெளிநாட்டு ஆட்களைக் கேட்டு வாங்கினார்கள், அவர் போன பிறகு அடுத்தவர் அவர்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கேட்டார். இதற்கு நடுவில் நம்ம டீமில் இருந்த சாங்டே மும்பை சிட்டிக்குப் போய் 2022-23 சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிவிட்டார். அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். கோச் தேடுகிற பரபரப்பில் நல்ல பசங்க கையைவிட்டுப் போவதை யார் கணக்கு வைத்தார்கள்?

"அப்போ ஒரே ஆளை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் சரியாகிவிடுமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம டீமின் முதல் கோச் மட்டெராட்சி மூன்று சீசன் இருந்தார், 2015-இல் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பை வாங்கினார், அடுத்த வருஷமே ஏழாவது இடம். ஜான் கிரெகரி வந்த முதல் சீசனிலேயே பெங்களூருவில் போய் ஃபைனலில் பெங்களூருவையே 3-2 என்று அடித்தார், 2018 மார்ச், மைல்சன் கார்னரில் இரண்டு முறை தலையால் முட்டிய கோல்களை எப்படி மறப்பது. அதே கிரெகரி அடுத்த சீசனில் கடைசி இடம். ஆள் அதே ஆள்தான். ஆனால் 2015-இல் 13 கோல் அடித்த மெண்டோசா 2016-இல் இல்லை, எலானோவும் இல்லை. 2018-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் செரெனோ அடுத்த சீசனில் இல்லை, ஜெஜே கோல் அடிக்கத் திணறினார். கோச்சை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு ஆட்களை உருவிவிட்டால் அவர் என்ன செய்வார்?

ஓவன் காயில் கதை இதைவிடத் தெளிவு. 2019 டிசம்பரில் அவர் வந்தபோது டீம் 6 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்திருந்தது. அவர் கேட்டு வாங்கிய ஆட்கள் இல்லை, கிரெகரி சேர்த்துவைத்த அதே டீம். அதை எடுத்துக்கொண்டு, முன்னால் போய் பந்தைப் பிடுங்குங்கள், பிடுங்கினவுடனே கோலைப் பார்த்து ஓடுங்கள் என்று விட்டார். அந்தப் பசங்களுக்கு அது பொருந்தியது. 2020 பிப்ரவரி 29, அரையிறுதியின் முதல் ஆட்டம், சென்னை நேரு ஸ்டேடியம். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் அரை மணி நேரத்துக்குள் நாலு கோல்: கோயன், தாபா, சாபியா, சாங்டே. நாலும் நாலு பேர், அதில் ரெண்டு பேர் பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்கள், ரெண்டு பேர் இந்தியப் பசங்க. ஒருத்தரை நம்பி ஆடுகிற டீம் இப்படி அடிக்காது. ஃபைனல் வரைக்கும் போனார்கள், கொல்கத்தாவிடம் தோற்றது வேறு விஷயம். அந்த மனிதரை அந்த சீசனோடு விட்டுவிட்டார்கள். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-இல் லீக் பட்டியலில் முதலிடத்துக்குக் கொடுக்கிற ஷீல்டையே வாங்கிக் கொடுத்தார். 2023-இல் திரும்ப அழைத்து வந்தார்கள், முதல் சீசன் ஆறாவது இடம், பிளேஆஃப். அடுத்த சீசன் பதினொன்றாவது இடம். பெயர் அதே பெயர், ஸ்காட்லாந்து உச்சரிப்பும் அதே, ஆனால் முன்னால் ஓடுகிற கால்கள் வேறு.

எங்கள் பக்கம் குறுவைக்கு ஏ.டி.டி. 43 போடுகிறவர், சம்பாவுக்கு சி.ஆர். 1009 எடுப்பார். ரெண்டும் நல்ல நெல்தான். எத்தனை நாள் தண்ணீர் வரும், வயல் மேடா பள்ளமா, மழை எப்போது பிடிக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் விதைக்குக் கை நீட்டுவார். கோச் விஷயத்தில் மட்டும் ஏன் விதையை முதலில் வாங்கிவிட்டு வயலை அப்புறம் பார்க்கிறோம்?

பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதே இல்லை. ஐ.எஸ்.எல். போலவே இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை 2018-19-இல் வென்றது சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரில் ஆடிய டீம், முந்தைய சீசனில் பட்டியலின் அடிப்பக்கம் கிடந்தது. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். அவர் பெயரை அதற்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? ஸ்பெயின்காரர்கள் சிலரையும் தமிழ்நாட்டுப் பசங்களையும் சேர்த்து, பந்தைக் காலடியில் வைத்துப் பாஸ் பாஸாக முன்னேறுகிற ஆட்டம் ஆடவைத்தார். மான்சி கோல் அடித்தார், சரி, ஆனால் எட்வின் வான்ஸ்பால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெசுராஜ், அஜித்குமார் எல்லோரும் அந்த டீமில் ஆடித்தான் வெளியே தெரிந்தார்கள். கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம். எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்பதற்கு ஏற்ற மாதிரி ஆள், அந்த ஆளுக்கு ஏற்ற மாதிரி பசங்க. அவ்வளவுதான் ரகசியம். அந்த கிளப் இன்று இல்லாமல் போனது தனி வயிற்றெரிச்சல், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஐ.எஸ்.எல்.லில் 2021-22 முதல் ஒரு டீம் களத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் இறக்க முடியும். மிச்சம் ஏழு பேர் இந்தியர்கள். மிசோரம், மணிப்பூர், கேரளா, கோவா, தமிழ்நாடு என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்த ஏழு பேர். அவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்குகிற ஒருவர் ஆறு வாரப் பயிற்சியில் என்ன கண்டுபிடிப்பார்? அதனால்தான் அசிஸ்டன்ட் கோச் யார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிரெகரி கோப்பை வாங்கியபோது பக்கத்தில் இருந்தவர் சபீர் பாஷா, சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணியை வளர்த்தவர். எந்தப் பையனை அதட்டலாம், எவனைத் தோளில் கைபோட்டுத்தான் பேச வேண்டும் என்று தெரிந்தவர். தலைமைப் பயிற்சியாளர் மாறலாம், இப்படி ஒருவர் மாறக்கூடாது. புதிதாக வருகிறவர் தன் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டும், இங்கிருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் அவரோடு பேச்சையே அங்கே முடித்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு பழைய பி.டி. வாத்தியார் இருக்கிறார், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சம்பா அறுவடை முடிந்த வயலில், தாள் உள்ளங்காலைக் குத்திக்கொண்டிருக்கும்போது, ஊர் டீமுக்குப் பையன்களைப் பொறுக்குவார். பந்து ஒரு கோடியில் இருந்தால் இவர் எதிர்க்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து தன் பக்கம் இல்லாதபோது ஸ்டாப்பர் என்ன செய்கிறான், இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, ரெண்டு அடி உள்ளே நகர்ந்து எதிராளியைத் தோளில் உரசிக்கொண்டு நிற்கிறானா என்று பார்ப்பார். கூட ஆடுகிறவன் பந்தைத் தவறவிட்டால் கத்துகிறவனுக்கு இடமில்லை, அவன் விட்ட இடத்தை அடைக்க ஓடுகிறவனுக்கு இடம் உண்டு. "கோல் அடிக்கிறத யாரு வேணா பாக்கலாம் தம்பி" என்பார். கோச்சைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த மாதிரி பார்க்க வேண்டும். அவர் வாங்கிய கோப்பையை எல்லோரும் பார்த்துவிட்டோம். ரெண்டு கோலில் பின்தங்கி நிற்கும்போது யாரை இறக்குகிறார், அவரிடம் இரண்டு வருஷம் இருந்த இருபது வயதுப் பையன் முன்னேறினானா பெஞ்சிலேயே தேய்ந்தானா, போன கிளப்பை விட்டு வரும்போது அந்த டீம் என்ன நிலையில் இருந்தது, இதையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டும். இன்று எல்லா ஆட்டமும் வீடியோவில் கிடைக்கிறது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

இந்தியரா வெளிநாட்டவரா என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. காலித் ஜமீல் 2017-இல் அய்ஸாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார், 2025-இல் இந்திய அணிக்கே கோச் ஆனார். கிளிஃபோர்டு மிராண்டா 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தார், 2025-இல் சென்னையின் எஃப்.சி. அவரை எடுத்தபோது, லீக் நடக்குமா நடக்காதா என்ற அந்தக் குழப்பத்திலும், எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஏனென்றால் அவருக்கு இந்த ஏழு பேரைத் தெரியும். ஒரு ஸ்பெயின்காரருக்கு அதே அளவு தெரிந்திருந்தால் அவரையும் கைதட்டி வரவேற்பேன்.

தமிழ்ப் பசங்க விஷயத்தில் மட்டும் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் பிறந்த சிவசக்தி பெங்களூரு எஃப்.சி.யில் ஆடி 2022-23-இல் வளரும் ஆட்டக்காரர் விருது வாங்கினார். சைமன் கிரேசன் என்ற இங்கிலீஷ்காரர் அவரை நம்பி இறக்கினார். சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோலில் கொல்கத்தாவே ஆடியது. நம்ம திருவாரூர் மாவட்டத்து ராமன் விஜயன் 1997-98-இல் தேசிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தார், அதுவும் எஃப்.சி. கொச்சின் சட்டையில்தான். அந்தக் காலத்தில் நமக்கு அப்படி ஒரு கிளப் இல்லை, சரி. இப்போது இருக்கிறதே! நம்ம பையன் என்பதற்காக ஒருத்தனை இறக்கு என்று நான் சொல்லவில்லை, தகுதி இருக்கிறவனைத் தேடிப் பார்க்கிற கோச்சை எடு என்கிறேன். நேர்காணலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாலே போதும்: "உங்கள் ரெண்டாவது சீசன் முடியும்போது முதல் பதினொன்றில் எங்கள் அகாடமிப் பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களை எங்கிருந்து எடுப்பீர்கள்?" பதில் சொல்ல யோசிப்பவரைவிட, "யார் யார் இருக்கிறார்கள், வீடியோ அனுப்புங்கள்" என்று திருப்பிக் கேட்பவரை எடுங்கள்.

எடுத்த பிறகு மூன்று சீசன் ஒப்பந்தம், அந்த மூன்று சீசனும் யாரை விற்கிறோம் யாரை வாங்குகிறோம் என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய கால்பந்து தெரிந்த ஒருவர். இடையில் ஐந்து ஆட்டம் தோற்றால் நம்ம குழுவில் கத்துகிறவர்கள் கத்தட்டும், நானும் சேர்ந்தே கத்துவேன், நிர்வாகம் அதைக் கேட்டு ஆடக்கூடாது.

கடைசியாக ஒன்று. கோடையில் அதிராம்பட்டினத்தில் தொடர் போட்டி நடக்கும், சுற்றுவட்டாரத்து டீமெல்லாம் வரும், கோட்டுக்கு வெளியே நிற்க இடம் கிடைக்காது. சென்னையின் புது கோச் யாராக இருந்தாலும் சரி, அவருடைய ஆள் ஒருவரை ஒரு வாரம் அங்கே அனுப்புங்கள். எழும்பூரில் உழவன் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர், அங்கிருந்து பட்டுக்கோட்டை வழியாகப் பஸ் இருக்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எங்கள் குழுவில் யாரிடம் சொன்னாலும் பார்த்துக்கொள்வோம்.